மார்கழிக் காலையும் மிதிவண்டியும்



மார்கழி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எவை? வாயிலில் இட்ட கோலம், அதன் நடுவே பூசணிப் பூ, கோயிலிலிருந்து மிதந்து வரும் பாட்டு, தொன்னையில் வாங்கும் சூடான பொங்கல். திருவரங்கத்துக்கு அண்மையில் வாழும் எங்களுக்கு வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் உடன் நினைவுக்கு வரும். இவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். அது மிதிவண்டி. தனியே ஓட்டும் மிதிவண்டியைச் சொல்லவில்லை. நாலு பேர் கூடிப் புறப்பட்டு, வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து பேசி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பும் பயணத்தைச் சொல்கிறேன்.

நான் பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன். தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928ஆம் ஆண்டு வாக்கில் இங்கே நிலைகொண்டது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த பெருமை அதற்கு உண்டு. நான் சிறுவனாய் இருந்தபோது, பணிமனைச் சங்கு ஊதும் நேரத்தில் எங்கள் குடியிருப்புத் தெருக்களில் மிதிவண்டி வெள்ளமாய்ப் பெருகும். முன்னே செல்பவர் தலையைத் திருப்பாமலே பேசுவார். பின்னே வருபவர் விடை சொல்வார். வீட்டுக் கதை, ஊர்க் கதை, சங்கத்துக் கதை யாவும் அந்தக் கால்மைல் தொலைவில் பேசி முடிந்துவிடும். என் தந்தையாரிடமும் ஒரு ஹெர்குலிஸ் இருந்தது. 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையில் பிறந்த வண்டி அது. விளக்கில்லாமல் ஓட்டினால் காவலர் நிறுத்துவார். ஒரு வண்டியில் இருவர் சென்றாலும் நிறுத்துவார். அந்த அச்சத்தோடுதான் நாங்கள் ஓட்டக் கற்றுக்கொண்டோம்.

இன்று அத்தெருக்களில் மோட்டார் வண்டிகளே மிகுதி. அவற்றில் செல்வோர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, பேசினாலும் கேட்பதில்லை.

2018ஆம் ஆண்டு நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்கு முதல் ஆறு திங்கள் இனிக்கும். பிறகு நாள் நீளும். பள்ளியில் மணியடித்த நேரம் வந்தால் கால் தானே வாயிலை நோக்கி நடக்கும். ஒரு நாள், சுவரோரம் சாய்ந்து கிடந்த என் மிதிவண்டியைத் துடைத்து, டியூப் மாற்றி, தனியே ஓட்டத் தொடங்கினேன். நான்கு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் குளிராயிருக்கிறது என்று படுத்துவிட்டேன். ஏன் படுத்தேன்? எனக்காக எங்கும் எவரும் காத்திருக்கவில்லை. காரணம் அவ்வளவே. காத்திருப்பார் ஒருவர் உண்டு என்றால் குளிர் ஒரு பொருட்டாகாது. இதனை உணர்ந்த பின்னரே, 2022ஆம் ஆண்டு மார்கழியில், அக்கம் பக்கத்தாரிடம் ஒரு சொல் சொல்லி வைத்தேன். “ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. வருகிறவர்கள் வரலாம்.” சங்கம் இல்லை, பெயர் இல்லை, பதிவேடு இல்லை, சந்தா இல்லை. முதல் நாள் வந்தவர் நால்வர்.

குளிர்காலத்தை ஏன் தேர்ந்தோம் என்று கேட்கலாம். திருச்சிராப்பள்ளி வெயில் எத்தகையது என்பதை இந்த வட்டாரத்து நேயர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை சுடும். ஆடியில் மேல்காற்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்போது பிடிக்கும் என்று தெரியாது. மார்கழியும் தையுமே நமக்கு வாய்த்த பருவம். மற்றொரு நயமும் உண்டு. மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12ஆம் நாள் திறந்து, ஜனவரி 28ஆம் நாள் மூடுவது மரபு. ஆகவே நல்ல ஆண்டுகளில் மார்கழி முழுவதும் வாய்க்கால்களில் நீர் ஓடும்; சாலையின் இருபுறமும் சம்பாப் பயிர் கதிர் முற்றி நிற்கும். இதைவிட நல்ல துணை வழிப்போக்கனுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் பயணங்கள் பெரும்பாலும் இரு திசைகளில் அமையும். கிழக்கே திருவெறும்பூர் வழியாகக் கல்லணை. மேற்கே கம்பரசம்பேட்டை வழியாக முக்கொம்பு. கரிகாலன் பெயர் சொல்லும் அணை ஒன்று. 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கட்டத் தொடங்கிய மேலணை மற்றொன்று. திருவரங்கத் தீவின் இரு முனைகளையும் இவை காக்கின்றன எனலாம். ஏகாதசி நாட்களில் மட்டும் திருவரங்கத்துப் பக்கம் செல்வதில்லை. அந்நாளில் சாலை அடியார்களுக்கு உரியது.

இனித் தேநீர்க் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு இலக்கு அணையா, கடையா என்று கேட்டால், கடையே என்று தயங்காமல் சொல்வேன். இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. இங்கிலாந்தில் 1878ஆம் ஆண்டிலேயே மிதிவண்டிப் பயணிகள் சங்கம் ஒன்று தோன்றிற்று. ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இன்றைய வடிவத்து மிதிவண்டியை 1885ஆம் ஆண்டு செய்து காட்டுவதற்கும், டன்லப் என்பவர் 1888ஆம் ஆண்டு காற்றடைத்த டயரைக் கொண்டுவருவதற்கும் முன்பே அது பிறந்துவிட்டது. மிதிவண்டிக்காரர்களை வரவேற்கும் விடுதிகளின் சுவரில், சிறகு முளைத்த சக்கரம் ஒன்றைச் சின்னமாகப் பதித்து வைத்தது அச்சங்கம். அச்சின்னத்தைக் கண்டவன், இங்கே இறங்கலாம், சூடாக ஏதேனும் கிடைக்கும் என்று அறிந்துகொள்வான். அந்நாட்டுக் குளிர் எலும்பைத் துளைக்கும் குளிர். இன்றும் அங்கே குளிர்கால ஞாயிறுகளில் சிறு சிறு குழுவினர் ஏதேனும் ஓர் உணவு விடுதியைக் குறித்துக்கொண்டு, அங்கே கூடிப் பிரிகின்றனர். நம் சென்னையிலும் விடியற்காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இத்தகைய குழுக்களைக் காணலாம்.

கடையைத் தேர்வதில் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும். சாலையில் நிறுத்தாமல் வண்டிகளைச் சாய்த்து வைக்க இடம் வேண்டும். முதியவர்களும் பெண்களும் தயக்கமின்றிப் பயன்படுத்தக் கழிப்பிடம் அருகில் வேண்டும். கடைக்காரருக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். திடீரென்று பத்துப் பேர் வந்து நின்றால் பால் போதாது. நாள்தோறும் வரும் வாடிக்கைக்காரர் பெஞ்சில் இடமின்றி நிற்க நேரும். நாம் விருந்தினர், அவரே உரியவர். பணத்தைப் பொறுத்தவரை அவரவர் கணக்கு அவரவருக்கு. தாராள மனத்தோடு எல்லோருக்கும் ஒருவரே கொடுக்கத் தொடங்கினால், கொடுக்க இயலாதவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

இவ்வளவும் நான் நன்றாகவே செய்தேன் என்று எண்ணியிருந்தேன். ஆனால் தலையாயது ஒன்றில் தவறினேன். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு. அன்று வந்தவர் 11 பேர். பல்சக்கர வண்டிகளோடு இளைஞர் ஐவர் புதிதாகச் சேர்ந்திருந்தனர். பனி மூட்டம் மெல்லிதாக இருந்தது. இளைஞர்களோடு இணைந்து ஓட்டியதில் எனக்கும் இளமை திரும்பிற்று போலும், வேகமாக மிதித்தேன். கல்லணைக் கடைக்கு வழக்கத்தைவிடக் கால் மணி முன்பாகவே சென்று சேர்ந்தோம். நான் 11 தேநீர் சொல்லியிருந்தேன். பத்துக் கைகள் நீண்டு பத்து டம்ளர்களை எடுத்துக்கொண்டன. ஒரு டம்ளர் பலகையின்மீது ஆவி பறக்க நின்றது. “இது யாருக்கு?” என்று ஒரு தம்பி கேட்டார். “ஒன்று கூடுதலாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது” என்று சொல்லி, நானே அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு காவிரியின் வடகரை வழியே, உத்தமர்சீலி, திருவானைக்காவல் என்று சுற்றிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் நியாயவிலைக் கடையில் என் மனைவியிடம் ஓர் அம்மையார் சொன்னாராம்: “நேற்று எங்கள் வீட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார், அக்கா. காலெல்லாம் கொப்புளம்.”

அந்த வீட்டுக்காரர் எங்கள் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு ஆண்டு மூத்தவர். முதல் நாள் வந்த நால்வருள் ஒருவர். திருவெறும்பூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே, அவருடைய பின்சக்கரம் பஞ்சராகியிருக்கிறது. ஒட்டுப் போடும் சொல்யூஷனும், உப்புத்தாளும், பம்பும் என் பையில் இருந்தன. என் பையோ அனைவருக்கும் முன்னே சென்றுகொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. அத்தகையவர் காலில் கொப்புளம் என்றால் அது சிறு செய்தி அன்று. அது புண்ணாகி, இருபது நாள் கட்டுப் போட வேண்டியதாயிற்று. காலுக்குப் பெருந்தீங்கு நேராமல் போனது நல்லூழ்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். “அண்ணே, கைப்பேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். தவறு செய்தவன் முதலில் கேட்பது இத்தகைய கேள்விதான்.

அவர் சினம் கொள்ளவில்லை. “சொல்லலாம் என்றுதான் கையில் எடுத்தேன், சார். கடைக்குப் போனதும் நீங்களே தலையை எண்ணிப் பார்த்துக் கூப்பிடுவீர்கள் என்று திரும்ப வைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் நடத்தியவர் அல்லவா?” என்றார்.

நேயர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றவன் நான். பேருந்தில் ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், உணவுக்கு அமரும்போது எண்ணுவேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு பையன் குறைந்தான் என்று அரை மணி நேரம் பேருந்தை நிறுத்தியவன். அவ்வாறு எண்ணியவன் அன்று டம்ளரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. எண்ணிக்கை பிழை என்று டம்ளரின்மீது பழி போட்டேன்.

நான் பௌதிகம் கற்பித்தவன். ஆகவே இதில் அடங்கிய பௌதிகத்தையும் எண்ணிப் பார்த்தேன். மிதிவண்டிக்காரனின் முதற்பகை காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்மடங்காகும். ஒருவர் பின்னே ஒருவராக நெருங்கிச் செல்லும்போது, முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார். பின்னே வருபவர் அந்த மறைவில் எளிதாக மிதிக்கிறார். கூட்டமாய்ச் செல்வதன் இலாபமே இதுதான். ஆனால் ஒருவர் பத்து முழம் பின்தங்கிவிட்டால் என்னாகும்? அந்த மறைவு அவருக்குக் கிட்டாது. வலிமை குறைந்தவர் முழுக் காற்றையும் தனியே எதிர்க்க வேண்டும். அதனால் மேலும் பின்தங்குவார். யாருக்குத் துணை மிகவும் வேண்டுமோ, அவருக்கே அது முதலில் இல்லாமற் போகிறது.

வகுப்பறையிலும் இதுவேயன்றோ நடக்கிறது! ஒரு பாடம் புரியாத பையனுக்கு அடுத்த பாடம் இருமடங்கு கடினமாகிறது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒருவர், வகுப்பைக் கரும்பலகையருகே நின்று அளக்காதே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அள என்று சொல்வார். அதை ஏட்டில் எழுதிக்கொண்டேன், தேர்விலும் எழுதினேன். அறுபது வயதுக்கு மேல், கல்லணைச் சாலையில்தான் அதைக் கற்றேன்.

அன்று முதல் எங்கள் பயணத்துக்குச் சில ஒழுங்குகள் ஏற்பட்டன. நீங்களும் உங்கள் ஊரில் இத்தகைய பயணம் தொடங்க விரும்பினால், இவற்றைக் கொள்ளலாம்.

முதலாவது, நாளும் நேரமும் இடமும் மாறலாகாது. இருவரே வந்தாலும் புறப்பட வேண்டும். இன்று உண்டோ இல்லையோ என்ற ஐயம் வந்துவிட்டால் குழு கலைந்துவிடும்.

இரண்டாவது, வெளிச்சம் வருமுன் நெடுஞ்சாலையில் ஏறலாகாது. மார்கழியில் இங்கே கதிரவன் எழுவதற்கு ஆறரை மணி ஆகும். ஆகவே முதல் அரை மணியை உள் தெருக்களில் கழிக்கிறோம். முன்விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வேண்டும். தஞ்சாவூர்ச் சாலையில் ஒற்றை வரிசையாகச் செல்ல வேண்டும். அங்கே பேச்சு இல்லை. பேச்சைக் கடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மெதுவாக ஓட்டுபவர் முன்னே செல்ல வேண்டும். அவரை எவரும் முந்தலாகாது. இதுவும் புதிய சட்டம் அன்று. இத்தாலியில் 1897ஆம் ஆண்டு சிலர் ரோம் நகரிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஒரே பகலில் மிதிவண்டியில் சென்றனர். அதிலிருந்து வளர்ந்த நெடும்பயண மரபில், வழிநடத்துபவர் ஒருவர் முன்னே ஒரே சீரான வேகத்தில் செல்வார். மற்றவர்கள் அவரைத் தாண்டுவதில்லை. அங்கே முன்னே செல்பவர் திறமை மிக்கவர். நாங்கள் அதைச் சற்றே மாற்றிக்கொண்டோம். திறமை மிக்கவர் எல்லோருக்கும் கடைசியில் வருவார். பம்பும் ஒட்டுப் போடும் பையும் அவரிடமே இருக்கும்.

நான்காவது, கடையில் தலை எண்ணி முடியும்வரை எவரும் டம்ளரைத் தொடுவதில்லை. தேநீர் ஆறினால் ஆறட்டும்.

இந்த ஒழுங்குகளால் இளைஞர் சிலர் விலகினர் என்பதையும் சொல்ல வேண்டும். வேகத்தை விரும்புவது பிழையன்று. அவர்களுக்கு வேறு பயணங்கள் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் பயணங்கள் நம் நாட்டில் பல ஊர்களில் நடக்கின்றன. அவற்றுக்கு நான் வாழ்த்துக் கூறுகிறேன். ஆனால் விலகியவரைவிட வந்து சேர்ந்தவர் மிகுதி. ஆசிரியைகள் இருவர் வந்தனர். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் தன் தாயாரோடு வந்தாள். தாயாருக்கு ஓட்டத் தெரியுமோ என்று ஐயுற்றேன். “நான் புதுக்கோட்டைப் பக்கம், சார்” என்றார் அவர். அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது.

ஏன் என்று இளைய நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்க வழி செய்தார். வயல்வேலை செய்பவர், கல்லுடைப்பவர், கிராமச் செவிலியர் என்று பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டனர். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திராமல் தம் காரியத்தைத் தாமே முடித்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள் இதனை எழுதி உலகறியச் செய்தார். அங்கேயும் முதலில் கற்றவள் அடுத்தவளின் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடினாள். மிதிவண்டி கற்றவர் எவரும் தனியே கற்றதில்லை. பின்னே ஒரு கை இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

என் நண்பரைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கால் ஆறிய பிறகு அவர் மீண்டும் வந்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரே முன்னே சென்றார். அடுத்த குளிர்காலமும் ஓட்டினார். அதற்கடுத்த மார்கழியில் முழங்கால் வலி மிகுந்து, மருத்துவர் வண்டியை விடச் சொல்லிவிட்டார். இனி வரமாட்டார் என்று வருந்தினோம். ஆனால் அந்த ஞாயிறு கல்லணைக் கடைக்கு நாங்கள் சென்றபோது, பெஞ்சில் கம்பளிக் குல்லாயோடு அவர் அமர்ந்திருந்தார். பேரன் மோட்டார் வண்டியில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். நாங்கள் ஒவ்வொருவராக வந்து இறங்க இறங்க, அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி வண்டி வந்து நின்றதும் என்னைப் பார்த்து, “எத்தனை சொன்னீர்கள், சார்?” என்றார்.

“பதினான்கு, அண்ணே.”

“அப்படியானால் ஒன்று குறைகிறது. நானும் இருக்கிறேன் அல்லவா?” என்று சொல்லிக் கடைக்காரரிடம் கையைக் காட்டினார்.

வரும் மார்கழியில் உங்கள் ஊரிலும் ஒரு கடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.